கே.ஆர். மார்க்கெட் கோட்டையும் யார்க்டவுனும்: அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு வரலாறு படிக்கும் முறை

அமெரிக்காவில் பிள்ளைகளோடு வசிக்கும் நம் பெரியவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்த பிறகு பெரிதும் அஞ்சுவது வரலாற்றுக் கேள்விகளுக்குத்தான். நியூ ஜெர்சியில் மகளுடன் இருக்கும் என் அக்கா, பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு மாதம் தங்க வந்தபோது, கேள்வி பதில்களை அச்சிட்ட தாள்கட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். முதல் முப்பது கேள்விகளைத் தடையின்றி ஒப்பிப்பார். வரிசையை மாற்றிக் கேட்டால் ஒன்றும் வராது. பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அவரைத் தயார்செய்த வழியை, அதே நிலையில் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குரிய தேர்வு எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியல். அதிலிருந்து 20 வரை கேட்கப்படும், 12க்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு 100 கேள்விகளில் 10 வரை கேட்கப்படும், 6 சரியாக இருந்தால் போதும். 65 வயது நிறைந்து, க்ரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) பெற்று அங்கே 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்கள், பட்டியலில் குறியிட்ட 20 கேள்விகளை மட்டும் படித்து, தமிழிலேயே பதில் சொல்லலாம். 50 வயதும் 20 ஆண்டுகளும், அல்லது 55 வயதும் 15 ஆண்டுகளும் நிறைந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. வரலாற்றுக் கேள்விகளுக்கு அவர்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பதில் தரலாம். அக்காவுக்கு வயது 63, க்ரீன் கார்டு கிடைத்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதால் எந்தச் சலுகையும் பொருந்தவில்லை.

அடுத்து, தாள்கட்டைச் சில நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரு நீள நோட்டின் இரு பக்கங்களையும் விரித்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, எட்டே எட்டு ஆண்டுகளை மட்டும் குறியுங்கள்: 1776 விடுதலைப் பிரகடனம், 1787 அரசியலமைப்பு எழுதப்பட்டது, 1803 பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பு வாங்கப்பட்டது, 1861 உள்நாட்டுப் போர் தொடங்கியது, 1863 அடிமை விடுதலைப் பிரகடனம், 1920 பெண்களுக்கு வாக்குரிமை, 1941 பேர்ல் ஹார்பர் தாக்குதல், 2001 செப்டம்பர் 11. வரலாற்றுக் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த எட்டில் ஒன்றை ஒட்டியோ, இரண்டுக்கு நடுவிலோ வந்து அமர்ந்துவிடும்.

கோட்டின் மேற்புறம் அமெரிக்கா. கீழ்ப்புறம் நமக்குத் தெரிந்த இந்தியா. இதுதான் நான் மிகவும் நம்பும் பகுதி. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை, நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. அமெரிக்கக் குடியேற்ற மக்கள் பிரிட்டனுக்கு எதிராக ஏன் கிளர்ந்தார்கள் என்ற கேள்விக்கு, 'தங்கள் பிரதிநிதிகள் இல்லாத நாடாளுமன்றம் வரி விதித்ததால்' என்ற பதில் அதற்குப் பிறகு அக்காவுக்கு மறக்கவே இல்லை. அந்தக் கிளர்ச்சி போராக மாறி, அதில் பிரான்சும் இறங்கியதால் சண்டை நம் கடற்கரை வரை வந்தது. 1783இல் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிக்கொண்டிருந்தபோதுதான் ஐரோப்பாவிலிருந்து சமாதானச் செய்தி வந்து சேர்ந்தது.

ஒரு நாள் காலை பூ வாங்கப் போகும் சாக்கில் அக்காவை கே.ஆர். மார்க்கெட் அருகிலுள்ள கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். 1791 மார்ச் 21 அன்று பிரிட்டிஷ் படை சுவரை உடைத்து நுழைந்த இடத்தில் ஒரு கற்பலகை பதித்திருக்கிறார்கள். "இந்தப் படையை நடத்தி வந்த காரன்வாலிஸ் யார் தெரியுமா, அக்கா? பத்து ஆண்டுகளுக்கு முன் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற படையின் தளபதி" என்றேன். மல்லிகைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அந்தப் பலகையை எழுத்து எழுத்தாகப் படித்தார். அமெரிக்கப் புரட்சியின் முக்கிய நிகழ்வு ஒன்றைச் சொல்லுங்கள் என்று புதிய பட்டியலில் ஒரு கேள்வி உண்டு. அதற்கு அவர் தேர்ந்துகொண்ட பதில் யார்க்டவுன். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று பம்பாய் வணிகர்கள் கொழித்ததையும், மார்ட்டின் லூதர் கிங் 1959இல் காந்தியின் நாட்டைக் காண வந்ததையும் அதே போலக் கோட்டின் கீழ் எழுதிக்கொள்ளலாம். ஆனால் இவை நினைவுக்கான கொக்கிகள் மட்டுமே. அதிகாரியிடம் பட்டியலில் உள்ள பதிலை மட்டும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

கோடு மனத்தில் பதிந்த பிறகு தாள்கட்டுக்குத் திரும்புங்கள். பல பதில்கள் ஏற்கப்படும் கேள்விகளில் உங்கள் நாவுக்கு எளிதாக வருவதை மட்டும் தேர்ந்து, மற்றவற்றை அடித்துவிடுங்கள். முதல் பதின்மூன்று மாநிலங்களில் சிலவற்றைக் கேட்டால், நியூ ஜெர்சியில் வாழ்பவர் அதையும், நியூயார்க், பென்சில்வேனியா போன்ற அண்டை மாநிலங்களையும் சொன்னால் போதும். செனட்டர்கள் (மேலவை உறுப்பினர்கள்) 100 பேர், பதவிக்காலம் ஆறு ஆண்டு. பிரதிநிதிகள் (கீழவை உறுப்பினர்கள்) 435 பேர், இரண்டு ஆண்டு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேர் என்ற எண்களைத் தனித்தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

தேர்வு வாய்மொழியாக நடப்பதால் மனத்துக்குள் படிப்பது போதாது. நான் கூடத்திலிருந்து ஆங்கிலத்தில் கேட்பேன். அக்கா சமையலறையிலிருந்து உரக்கப் பதில் சொல்வார். குக்கர் விசில் நடுவே கேள்வி காதில் விழாவிட்டால், திரும்பச் சொல்லும்படி ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்கவும் பழக்கினேன், ஏனெனில் நேர்முகத்தில் அப்படிக் கேட்பதில் தவறில்லை. கேள்வியைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுத்தால் வரிசையை நம்பும் பழக்கம் தானாகவே விலகும்.

அதிபர், மாநில ஆளுநர், உங்கள் செனட்டர்கள் ஆகியோரின் பெயர்களைக் கடைசி வாரத்தில் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய தாளில் பழைய பெயர் இருக்கலாம். ஆங்கிலம், வரலாறு ஆகியவற்றில் ஒரு பகுதியில் தவறிவிட்டால், அந்தப் பகுதியை மட்டும் 60 முதல் 90 நாட்களுக்குள் மறுபடி எழுதவோ சொல்லவோ ஒரு வாய்ப்பு தருவார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட அன்றுதான் அக்கா இரவு பதினொரு மணிக்கு மேல் விழித்துப் படிப்பதை நிறுத்தினார்.