நெட் வராத ரயிலில் போனை வேலை வாங்குவது எப்படி

ஈரோட்டுலிருந்து திருப்பூருக்கு தினமும் ரயில்ல வேலைக்குப் போறவங்களுக்காக இதை எழுதறேன். கோயமுத்தூர் வரைக்கும் போறவங்களுக்கும் பொருந்தும். நான் ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கற பையருக்கும் துணிக்குச் சாயம் போடற டையிங்குக்கும் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பதில் சொல்றதுதானுங்க பொழப்பு. லேப்டாப் ஆபீஸ் மேசையிலேயே கிடக்கும். வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்பற வரைக்கும் போன்தான் என் கம்ப்யூட்டர்.

ஓடற வண்டியில நெட்டை நம்பி எந்த வேலையையும் வெச்சுக்காதீங்க. ஈங்கூர், விஜயமங்கலம் பக்கமெல்லாம் சிக்னல் வர்றதும் போறதுமா இருக்கும். ஊத்துக்குளி வர்ற வரைக்கும் அந்த வட்டம் சுத்தறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறவங்களை எல்லாப் பெட்டியிலயும் பாக்கலாம். போனுக்குள்ள ஏற்கெனவே என்ன இருக்கோ, அதை வெச்சு முடிக்கற வேலைதான் ரயில் வேலை. நெட் வேணுங்கற வேலை ஸ்டேஷனுக்கும் ஆபீஸுக்கும்.

அதனால வேலை ஆரம்பிக்கறது முந்தின நாள் ராத்திரியே. டிரைவ்ல இருக்கற ஆர்டர் ஷீட்டு, டெக் பேக் (துணியோட அளவு, டிசைன் விவரம்) பிடிஎஃப் எல்லாத்தையும் ஆஃப்லைன்ல கிடைக்கற மாதிரி டிக் பண்ணி வையுங்க. வாட்ஸப்ல வந்த பைலை ஒரு தடவை திறந்து இறக்கி வெச்சிருங்க. மெயில் ஆப்பைத் திறந்து கீழ இழுத்து விட்டா புதுசு எல்லாம் உள்ள வந்துரும். அப்புறம் ஏரோபிளேன் மோட் போட்டுட்டு அந்த பைலெல்லாம் திறக்குதான்னு சோதிச்சுப் பாருங்க. இந்தச் சோதனையைத்தான் யாரும் செய்யறதில்லை.

முழு ஆர்டர் ஷீட்டை போன்ல படிக்கறது கண்ணுக்குக் கேடு. முப்பது காலம் (மேலிருந்து கீழ போற பத்தி) இருக்கும், தேடறது மட்டும் கிடைக்காது. போனுக்குன்னு தனியா ஒரு சின்ன ஷீட் போட்டுக்குங்க: ஸ்டைல் நம்பர், கலர், பீஸ், கப்பல் தேதி, இப்ப யார்கிட்ட நிக்குது. அஞ்சே காலம். மேல் வரிசையையும் முதல் காலத்தையும் நகராம ஃப்ரீஸ் பண்ணிருங்க. கடைசிக் காலத்துல "டையிங்", "பிரிண்டிங்", "பையர்" இப்படி ஒரே சொல்லா எழுதினா ஃபில்டர் போட்டு, டையிங்ல எதெல்லாம் தொங்குதுன்னு ஒரு நொடியில பாத்துக்கலாம்.

டிக்கெட் விஷயம். ரயில்வே ஆப்லயே சீசன் எடுக்கலாம், கியூவுல நிக்க வேண்டியதில்லை. ஆனா போன்ல காட்டற டிக்கெட்டுன்னா, செக்கிங் வர்றப்ப போன் அணைஞ்சு கிடந்தா டிக்கெட் இல்லாத பயணம்தான். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. நான் கவுன்டர்ல வாங்கின காகித சீசனைத்தான் அடையாள அட்டையோட ஒரே உறையில போட்டு வெச்சிருக்கேன். இதுல என்னைப் பழைய பஞ்சாங்கம்னு சொன்னாலும் பரவாயில்லை. நாள் பூரா வேலை வாங்கற சாமானையே டிக்கெட்டாவும் வெச்சுக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்லை.

நின்னுக்கிட்டுப் போனா ஒரு கை கம்பிக்கு. மீதி ஒரு கையில டைப் அடிக்கற வேலை வேண்டாம். நெட் இல்லாமலே ஓடற வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து, அன்னிக்கு யார்கிட்ட என்ன கேக்கணும்னு பேசி வெச்சுக்குங்க. வாசப்படிக்கிட்ட நின்னு போனை வெளியே எடுக்கவே எடுக்காதீங்க. வண்டி மெதுவாப் போற இடத்துல கீழ நின்னு தட்டிவிட்டுப் பிடுங்கறவங்க இருக்காங்க.

உக்கார இடம் கிடைச்சா மெயிலுக்குப் பதில் எழுதுங்க. நெட் இல்லாம செண்ட் கொடுத்தாலும் அவுட்பாக்ஸ்ல நிக்கும், சிக்னல் வந்ததும் போயிரும். வாட்ஸப்பும் அப்படித்தான், கடிகாரக் குறி போட்டுக் காத்திருக்கும். காலையில எட்டரைக்கு ஜெர்மனியில இருக்கற பையருங்க இன்னும் எந்திரிச்சே இருக்க மாட்டாங்க, வெயில் காலத்துல அங்க மணி அஞ்சு. அப்ப மெயில் போகலைன்னு பதறறதுல அர்த்தமே இல்லை. அவங்க ஆபீஸ் ஒன்பது மணின்னா நமக்கு மத்தியானம் பன்னெண்டரை; குளிர்காலத்துல ஒன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்க கடிகாரத்தை மாத்துவாங்க. போன் கடிகாரத்துல அந்த ஊரையும் சேத்து வெச்சுட்டா கணக்குப் போட வேண்டியதில்லை.

திருப்பூர்ல இறங்கினதும் டீ. காசு கொடுக்க யூபிஐ லைட் வெச்சுக்குங்க. பின் நம்பர் கேக்காது, பேங்க் சர்வர் படுத்தாலும் பெரும்பாலும் போகும்.

இனி யூனிட்டுக்குள்ள. இங்கதான் கேமராவும் கால்குலேட்டரும் சம்பாதிக்குது. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு. ஜிஎஸ்எம் கட்டர்ல வெட்டின வட்டத்துண்டு 100 சதுர சென்டிமீட்டர். அதோட எடையை நூறால பெருக்கினா ஜிஎஸ்எம்: 1.80 கிராம்னா 180. தராசு எண்ணும் துண்டும் ஒரே போட்டோவுல விழற மாதிரி எடுத்தா சாயங்காலம் யாரும் வாக்குவாதம் பண்ண முடியாது. துணியில ஊசிக்கோடு (பின்னல் ஊசி கெட்டு விழற நீளக்கோடு) இருந்தா நேர் வெளிச்சத்துல படத்துல தெரியாது. துணியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி பிடிச்சு எடுங்க. ஓட்டை, எண்ணெய்க் கறைன்னா பக்கத்துல ஸ்கேல் வையுங்க.

ஷேடு மட்டும் போட்டோவுல ஓகே பண்ணாதீங்க. எங்க டையிங் மாஸ்டர், "அம்மிணி, போட்டோவுல எல்லாக் கலரும் நல்லாத்தான் இருக்குமுங்க" அப்படின்னுதான் சொல்லுவார். கேமரா தானா வெள்ளையைத் திருத்திக்கும். டியூப்லைட்டுக்குக் கீழ எடுத்த நேவி ஒரு மாதிரி, வெயில்ல எடுத்தது வேற மாதிரி. பாக்கறவங்க ஸ்கிரீன் அதுக்கு மேல ஒரு மாத்து மாத்தும். போதாததுக்கு, ஒரு லைட்ல லேப் டிப்போட (முதல்ல சாயம் போட்டு ஓகே வாங்கின சின்ன மாதிரித் துண்டு) ஒத்துப் போற துணி இன்னொரு லைட்ல தனியாத் தெரியும். லைட் பாக்ஸ்ங்கற விளக்குப் பெட்டியில பகல் வெளிச்சமான டி65-லயும் கடை வெளிச்சமான டிஎல்84-லயும் வெச்சுப் பாக்கச் சொல்றது அதுக்குத்தான். அந்த வேலைக்கு போனை நம்பறது கண்ணாடியில பாத்துப் பூ வாங்கற மாதிரி. லாட் நம்பர், தேதி எழுதின துண்டுச்சீட்டோட படம் எடுத்து ஆதாரத்துக்கு வெச்சுக்கலாம், அவ்வளவுதான்.

டிசியை (சரக்கோட வர்ற டெலிவரி சலான்) போட்டோவா எடுக்காம டிரைவ்ல இருக்கற ஸ்கேன்ல எடுங்க. ஓரம் வெட்டி பிடிஎஃப் ஆக்கிரும். பேரை 2025-11-06 மாதிரி வருஷம், மாசம், தேதியில ஆரம்பிச்சு அடுத்து ஸ்டைல் நம்பர், யூனிட் பேருன்னு போட்டா தானே வரிசையா அடுக்கிக்கும். ஸ்கேன் பண்ணின கையோட பேர் வெச்சிருங்க. அப்புறம் வெச்சுக்கலாம்னா வெக்க மாட்டோம்.

நாலு மணிக்கு மேல பேட்டரி. சிக்னல் கம்மியான இடத்துல டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்னும். அதனால திரும்பி வர்றப்ப வண்டி கிளம்பினதும் ஏரோபிளேன் மோட் போட்டுருங்க, வீட்டுல இருந்து போன் வர்ற மாதிரி இருந்தா மொபைல் டேட்டாவை மட்டுமாவது நிறுத்துங்க. 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 5,000 போனை ரெண்டு தடவை நிரப்பும்னு நினைக்காதீங்க. உள்ள இருக்கற செல்லோட 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டா மாத்தறதுலயும் சூட்டுலயும் நிறையப் போயிரும். பின்னாடி சின்ன எழுத்துல ரேட்டட் கெபாசிட்டின்னு ஒண்ணு போட்டிருக்கும், வாங்கறப்ப அதைப் படிங்க. சூடான சோத்துப் போசி இருக்கற பை அறையில பவர் பேங்கை வைக்காதீங்க. ஸ்டேண்ட்ல நிறுத்தற வண்டி டிக்கியிலயும் வேண்டாம். நம்ம ஊர் சித்திரை வெயில்ல உள்ள எப்படிக் கொதிக்கும்னு சொல்லத் தேவையில்லை. சூடுதான் லித்தியம் பேட்டரியோட ஆயுசைக் குறைக்கறது.

ஈரோட்டுல இறங்கினதும் நெட்டை ஆன் பண்ணி அவுட்பாக்ஸைப் பாருங்க. பெரிய ஸ்கேன் சேத்த மெயில் ஏதாவது தங்கியிருந்தா ஆப்பை மூடாம திறந்தே வெச்சிருங்க, இல்லைன்னா சில போன்ல பாதியில நின்னுக்கும். வாட்ஸப்ல கடிகாரக் குறி போய் டிக் விழுந்துருச்சான்னு பாத்துட்டு ஸ்டேண்டுக்கு நடையைக் கட்டுங்க.