நெஞ்சில் அடிபட்டவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள்

ஹபரணையிலிருந்து கந்தளாய் நோக்கி வரும் வீதியில், யானையைக் கண்டு ஒரு லொறி சட்டென நிற்கிறது. பின்னால் வந்த வான் மோத, அந்த வானின் சாரதியின் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடிக்கிறது. தோலில் சிராய்ப்புக்கூட இல்லை, எழுந்து நடக்கிறார். அவரை அப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தடவிப் படுக்க வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

வேகமாகச் சென்ற உடல் திடீரென நிற்கும்போது இதயமும், அதிலிருந்து உடலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய குழாயான பெருநாடியின் வளைவும் முன்னோக்கி அசைகின்றன. பெருநாடியின் முதுகெலும்பை ஒட்டிய பகுதி அசைவதில்லை. இடது கைக்கான நாடி பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் பெருநாடி பெரும்பாலும் கிழிகிறது. பலர் விபத்து நடந்த இடத்திலேயே இறந்துவிடுகிறார்கள். தப்பியவர்களில் சிலருக்கு நாடியின் வெளிப்படலம் மட்டுமே இரத்தத்தைத் தாங்கி நிற்கும். ஆகவே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். மோதிய வேகம், சீட் பெல்ட் அணிந்திருந்தாரா, தென்னையிலிருந்து விழுந்தவரென்றால் எவ்வளவு உயரம் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரே சரியாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் நாளத்தில் மருந்தேற்றி எடுக்கும் சீ.டி. ஸ்கேன் வேண்டும்.

கிழிசல் என்று கேட்டதும் "உடனே ஒப்பரேஷன் செய்யுங்கள்" என்று உறவினர்கள் நெருக்குவார்கள். அந்தத் தவிப்பு புரிகிறது, ஆனால் அவசரம் எப்போதும் நன்மையல்ல. நாடி வெடித்துவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்க முடியாது. மற்றபடி, மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். அதுவரை இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் மருந்தால் தணித்து வைப்பார்கள். உட்படலத்தில் மட்டும் சிறு கீறல் என்றால் கத்தியே தேவைப்படாமல் ஆறக்கூடும்.

நெஞ்சைத் திறந்து செய்வதுதான் முழுமையான சிகிச்சை என்பதும் தவறான எண்ணம். இன்று பெரும்பாலானோருக்குத் தொடை நாடி வழியாக உறையிட்ட ஸ்டென்ட் (கிழிசலை உள்ளிருந்து மூடும் குழாய்) செலுத்தப்படுகிறது. திறந்த சிகிச்சையில் பெருநாடியை இறுக்கிப் பிடிக்கும் நேரம் நீண்டால் முள்ளந்தண்டுக்கு இரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கலாம். ஆயினும் இதயத்தை ஒட்டிய பகுதியிலோ, வலது கைக்கும் தலைக்கும் செல்லும் பெருங்கிளையின் அடியிலோ காயம் இருந்தால் பெரும்பாலும் திறக்கத்தான் வேண்டும். இவ்வசதி எல்லா மாவட்ட வைத்தியசாலைகளிலும் கிடையாது. திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு அனுப்பச் சொன்னால் தயங்கி நேரத்தை இழக்காதீர்கள்.

ஸ்டென்ட் வைத்தபின் வலியில்லை என்று தொடர் ஸ்கேனைத் தவிர்ப்பவர்களும் உண்டு. ஸ்டென்ட் இடம் நகரலாம், ஓரத்தில் கசியலாம். இடது கை சோர்ந்தாலும் மரத்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.