4294967297 பகா எண்ணா? தாளில் போட்டே பார்த்துவிடலாம்

3, 5, 17, 257, 65537. எல்லாம் பகா எண்கள். 2-ஐ 1, 2, 4, 8, 16 என்று அடுக்கேற்றி ஒன்று கூட்டினால் இவை வரும். இந்த வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். அடுத்து வருவது 2³² + 1, அதாவது 4294967297. இதைத்தான் உடைக்கப் போகிறோம்.

படி 1: சில்லறைக் காரணிகள்

கடைசி இலக்கம் 7, ஆகவே 2-ம் 5-ம் இல்லை. இலக்கங்களின் கூடுதல் 59, அதனால் 3-ம் இல்லை. 7-ஆல் வகுத்தாலும் 11-ஆல் வகுத்தாலும் மீதி 5.

இப்படியே போனால் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை, போக வேண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஆகிற காரியமில்லை.

படி 2: காரணியின் சாயலைக் கண்டுபிடிப்பது

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதால் 2³²-ஐ வகுக்கும்போது மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. 64-ஆம் அடுக்குக்கு முன்பே மீதி 1 வந்திருக்க முடியாது. வந்திருந்தால் 32-ஆம் அடுக்கிலும் 1 வந்திருக்கும். ஆக மீதி 1 வருவது 64-இன் மடங்கான அடுக்குகளில் மட்டும்தான். அப்புறம் ஃபெர்மாவின் சிறிய தேற்றம்: காரணியில் ஒன்று குறைத்த அடுக்கிலும் மீதி 1 வந்தே தீரும். ஆகவே காரணியில் ஒன்றைக் கழித்தால் 64-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அவருடைய தேற்றமே அவருடைய ஊகத்துக்குக் குழி பறிக்கிறது!

65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போய், பகா எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது. 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் பிடித்ததும் இதைத்தான்.

படி 3: 641-ஐச் சோதிப்பது

பெரிய எண்ணைத் தொடவே வேண்டாம், மீதியை மட்டும் வர்க்கப்படுத்தினால் போதும்.

2⁸ = 256
256² = 65536, மீதி 154
154² = 23716, மீதி 640

ஆக 2³²-க்கு மீதி 640. ஒன்று கூட்டினால் 641, சரியாக வகுபடுகிறது. ஈவு 6700417.

படி 4: ஈவு இன்னும் உடையுமா?

அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். பின்னாளில் பிரெஞ்சுக் கணிதர் லூகாஸ் மேலே சொன்ன 64-ஐ 128 ஆக்கிக்கொள்ளலாம் என்று காட்டினார். அதன்படி பார்க்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. ஐந்திலும் மீதி வருகிறது. எனவே 6700417 பகா எண்.

இனி மற்றவை சுலபம். வகுத்திகள் நான்கு; அவற்றின் கூடுதல் 642 × 6700418 = 4301668356. இரண்டு காரணிகளையும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². இரண்டாவதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், அழகாக இருக்கும்.

நிரல் எழுதிச் சரிபார்ப்பவர்களுக்கு ஒன்று: குறியில்லாத 32 பிட் முழு எண்ணில் அதிகபட்சம் 4294967295 வரைதான் கொள்ளும். நம் எண்ணை அதில் போட்டால் வெறும் 1 ஆகிவிடும். 64 பிட் வகையை எடுங்கள். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.