பாரிஸிலிருந்து லண்டனுக்கு: தூரமும் பயண நேரமும்

பாரிஸில் புதிதாகக் குடியேறும் நம்மவர்களில் பலருக்கு லண்டனில் ஓர் உறவினராவது இருப்பார். இரு நகரங்களுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 340 கிலோமீற்றர்தான். பயணச்சீட்டில் விமானப் பயணம் ஒன்றேகால் மணி நேரம் என்று குறித்திருப்பார்கள். அதிலும் ஒரு பகுதி ஓடுபாதையிலேயே கழிந்துவிடும்.

ஆனால் இந்த ஒன்றேகால் மணி நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து ஆர்.ஈ.ஆர். பி என்னும் புறநகர்த் தொடருந்தில் சார்ல் து கோல் விமான நிலையத்துக்குப் போய், அங்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் காத்திருந்து, லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் கடவுச்சீட்டு வரிசையில் நின்று, பின்னர் பிக்கடிலி நிலத்தடித் தொடருந்துப் பாதையில் நகருக்குள் வந்துசேர்வதற்குள் ஐந்து மணி நேரம் கடந்துவிடும். மலிவான சீட்டுக் கிடைத்தால் விமான நிலையத்தின் பெயரையும் கவனியுங்கள்: பாரிஸின் பெயரைச் சேர்த்தே விற்கப்படும் போவே நிலையம் நகரிலிருந்து 80 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது; லண்டன் பக்கத்தில் லூட்டனும் ஸ்டான்ஸ்டெட்டும் அவ்வாறே நகருக்கு வெளியே இருப்பவை.

என் பரிந்துரை யூரோஸ்டார் தொடருந்துதான். அது புறப்படும் கார் து நோர் நிலையம் லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளது. 1994இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமான கடலடிச் சுரங்கத்தின் வழியாக, இரண்டேகால் முதல் இரண்டரை மணி நேரத்தில் லண்டனின் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தை அடையலாம். பிரெஞ்சு, பிரித்தானிய அதிகாரிகள் இருவரும் பாரிஸிலேயே ஆவணங்களைச் சரிபார்த்துவிடுவதால், லண்டனில் இறங்கியதும் மீண்டும் கடவுச்சீட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதே நிலையத்தில் நிலத்தடித் தொடருந்து ஏறினால் மெற்ரோபொலிட்டன் பாதையில் ஹரோவுக்கும், ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றி பாதையில் ஈஸ்ட் ஹாமுக்கும் மாறாமலே போகலாம். புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக கார் து நோரில் இருங்கள். கடைசி நேரத்தில் ஓடி வந்தால் ஏற விடமாட்டார்கள்.

எதில் போனாலும் ஆவணம் முதன்மையானது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் வலயத்தில் பிரான்ஸ் உள்ளது; பிரித்தானியா இல்லை. பிரான்சின் வதிவிட அட்டையுடன் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும், அகதிகளுக்கான பயண ஆவணம் வைத்திருப்பவரும் பிரித்தானிய விசா எடுத்தே ஆகவேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு விசா தேவையில்லை. எனினும் 2025 ஏப்ரல் முதல் இணையவழி முன்னனுமதி கட்டாயம். அடைக்கல விண்ணப்பம் நிலுவையில் உள்ளதைக் காட்டும் சான்று பயண ஆவணம் ஆகாது. அதை நம்பி எல்லை தாண்டினால் திரும்பி வரும் வழியும் அடைபடக்கூடும். ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவில் வந்திருக்கும் பெற்றோரை லண்டனுக்கு அழைத்துச் சென்றால், அவர்களால் அதே விசாவில் பாரிஸுக்குத் திரும்ப முடியாது.

லண்டன் நேரம் பாரிஸை விட ஒரு மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்குப் பாரிஸில் புறப்படும் விமானம் 10.15க்கு லண்டனில் இறங்குவதாகச் சீட்டில் இருக்கும். அங்கிருந்து 10 மணிக்குப் புறப்பட்டால் பாரிஸில் 12.15 ஆகிவிடும். ஆகவே திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் ஞாயிறு இரவுக் கடைசித் தொடருந்தை விட்டு, மாலைத் தொடருந்தையே பதிவுசெய்வது நல்லது.