ஷூகேஸ் பாட்டு வரிக்குப் பொருள் பிடிப்பது எப்படி

கானாவில் குரல் முன்னால் நிற்கும். வியாசர்பாடிப் பையன் பாடினால் ஒரு சொல்கூடத் தப்பாது. ஷூகேஸ் (shoegaze) என்ற கிட்டார் ராக் இசை வகையில் குரலை வேண்டுமென்றே கிட்டார் இரைச்சலுக்குள் புதைத்திருப்பார்கள். அதனால் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் போய்க்கொண்டே அர்த்தம் தேடாதீர்கள். ராத்திரியில், நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

முதல் தடவை எதையும் எழுத வேண்டாம். அடுத்த தடவை வேகத்தை 0.75 ஆக்கி, ஈக்வலைசரில் (ஒலியின் அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றுங்கள், மெய்யெழுத்துகள் தெளியும். இன்னும் ஏற்றினால் கிட்டார் காதைக் கிழிக்கும். மோனோவுக்கு, அதாவது இரு காதிலும் ஒரே ஒலி வரும்படி, மாற்றினால் இரு பக்கமும் விரிந்த எதிரொலி கொஞ்சம் அடங்கி, நடுவிலிருக்கும் குரல் மேலே வரும்.

கேட்டதைப் பென்சிலில் எழுதி, சந்தேகச் சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் வரிகளில் நிறைய ரசிகர்களின் ஊகம். ஒரு தப்புச் சொல்லை நம்பி மொத்த விளக்கத்தையும் கட்டினால் அத்தனையும் சரியும். இந்த இசைக்கு முன்னோடியான காக்டோ ட்வின்ஸ் குழுவின் எலிசபெத் ஃப்ரேசர் பல பாடல்களில் ஓசைக்காகவே சொற்களை எடுத்தவர். அவரிடம் அகராதி செல்லாது.

பிறகு வரிகளில் 'நான்', 'நீ' என்ற சொற்கள் எங்கே வருகின்றன, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று அடிக்கோடிடுங்கள். கிட்டார் மட்டும் பொங்கும் இடத்தையும் குறியுங்கள். பாட்டின் உச்சம் பெரும்பாலும் அதுதான்.