புதுப் போனில் பாஸ்வேர்ட் தானாக வரவில்லையா? முதலில் எந்த ஜிமெயில் என்று பாருங்கள்

போன வாரம் அம்பாசமுத்திரத்து அத்தை கூப்பிட்டார்கள். "எய்யா, புதுப் போன்ல ஒரு பாஸ்வேர்டும் வரமாட்டேங்கு. எல்லாம் அழிஞ்சு போச்சா?" ரயில் டிக்கெட், கரண்ட் பில், பேரனின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாவற்றுக்கும் பழைய போனில் தொட்டால் போதும், தானாக நிரம்பிவிடும். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சரிசெய்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஆண்ட்ராய்டும் குரோமும் வைத்திருப்பவர்களுக்கு இது. ஐபோன்காரர்களுக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்று. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள். தப்பான பாஸ்வேர்டை இரண்டு முறை போட்டாயிற்று என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். பேங்க் தளங்கள் சில தவறுகளுக்கு மேல் பொறுக்காது, பூட்டிவிடும்.

படி 1: எந்தக் கணக்கு?

பாதிக்கு மேல் சிக்கல் இங்கேதான் என்பது என் அனுபவம். போன் வாங்கும்போது கடைப் பையன் "ஜிமெயில் இருக்கா?" என்று கேட்பான். பாஸ்வேர்ட் நினைவில்லை என்றால் கையோடு புதிதாக ஒன்று திறந்து கொடுத்துவிடுவான். அத்தைக்கும் அதுதான் நடந்திருந்தது. சேமித்த பாஸ்வேர்டெல்லாம் பழைய ஜிமெயிலில் பத்திரமாக இருக்க, புதுப் போன் காலி வீடு மாதிரி திறந்து கிடந்தது.

இரண்டு போனிலும் குரோமைத் திறந்து, மூன்று புள்ளி, செட்டிங்ஸ் என்று போங்கள். மேலே தெரியும் ஜிமெயில் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுவேறாக இருந்தால், புதுப் போனின் செட்டிங்ஸில் பழைய ஜிமெயிலையும் சேர்த்துவிட்டு, குரோமில் அந்தக் கணக்குக்கு மாறுங்கள். அப்புறம் குரோம் செட்டிங்ஸில் பாஸ்வேர்ட் மேனேஜரைத் திறந்தால் பட்டியல் வந்திருக்கும்.

பழைய ஜிமெயிலின் பாஸ்வேர்டே மறந்துபோச்சா? மீட்கும் முயற்சியைப் பழைய போனிலேயே, வழக்கமான வீட்டு வைஃபையில் இருந்தே செய்யுங்கள். பழகிய கருவி, பழகிய இடம் என்றால் கூகுள் எளிதில் நம்பும்.

படி 2: நிரப்புவது யார்?

பட்டியல் இருக்கிறது, ஆனால் ஆப்பில் நிரம்பவில்லை என்றால் போன் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ஆட்டோஃபில் (Autofill, தானாக நிரப்பும் வசதி) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். சாம்சங் போனில், அந்தக் கம்பெனியின் சொந்த பாஸ்வேர்ட் வசதியான சாம்சங் பாஸ் தேர்வாகியிருக்கலாம். அதை கூகுளுக்கு மாற்றினால் போதும். அங்கே எந்த ஜிமெயில் இருக்கிறது என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரே ஒரு தளத்தில் மட்டும் வரவில்லையா?

உடனே கையால் அடிக்கப் போகாதீர்கள். மேலே உள்ள முகவரியைப் பாருங்கள். பாஸ்வேர்ட் எந்த முகவரியில் சேமிக்கப்பட்டதோ அதற்குத்தான் நிரம்பும். வாட்ஸப்பில் வந்த லிங்க்கைத் தட்டி ஒரு போலித் தளத்துக்குப் போயிருந்தால், பக்கம் அச்சு அசலாக இருந்தாலும் ஆட்டோஃபில் வாய் திறக்காது. நாம் ஏமாந்தாலும் அது ஏமாறாது. ஏற்கெனவே அடித்துப் பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.

முகவரி சரிதான் என்றால், எப்போதோ 'இந்தத் தளத்துக்கு வேண்டாம்' என்று தட்டியிருப்பீர்கள். பாஸ்வேர்ட் மேனேஜர் செட்டிங்ஸில் மறுத்த தளங்களின் பட்டியல் இருக்கும், அதிலிருந்து நீக்குங்கள். சில பேங்க் தளங்கள் நிரப்புவதையே தடுத்து வைத்திருக்கும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

படி 4: நிரம்புகிறது, ஆனால் தப்பு என்கிறது

வேறு கருவியில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், இங்கே பழையது நிற்கும். பட்டியலில் அந்தத் தளத்தைத் தொட்டுத் திருத்துங்கள். ஒரே தளத்துக்கு இரண்டு பதிவு இருந்தால் பழையதை அழித்துவிடுங்கள். கையால் அடிப்பதானால் கண் படத்தைத் தட்டி என்ன விழுகிறது என்று பாருங்கள். அத்தை காப்பி பண்ணி ஒட்டியதில் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் போச்சு!

ஓடிபி வரவில்லையா? கணக்கில் பதிந்த நம்பர் இப்போதும் கையில் இருக்கும் சிம்மா என்று பாருங்கள்.

ஐபோன் என்றால்

2024-இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் பாஸ்வேர்டுகளுக்குத் தனி ஆப் உண்டு. செட்டிங்ஸில் ஜெனரலுக்குள் ஆட்டோஃபில் பகுதி இருக்கும். குரோமைப் போட்டு அதே ஜிமெயிலில் நுழைந்தால், அங்கே குரோமையும் தேர்ந்தெடுக்கலாம்.

பிரவுசிங் சென்டர்

வண்ணார்பேட்டையில் ஒரு சென்டரில் டிக்கெட் போட்டபோது, அங்கிருந்த கம்ப்யூட்டரில் தன் ஜிமெயிலைத் திறந்து அப்படியே விட்டுவிட்டு வந்ததாக அத்தை சாவகாசமாகச் சொன்னார்கள். நீங்களும் அப்படிச் செய்திருந்தால், கூகுள் கணக்கில் பாதுகாப்பு பகுதிக்குள் 'உங்கள் சாதனங்கள்' என்பதைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டரிலிருந்து வெளியேறுங்கள். ஜிமெயிலின் பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.