பெண்ணின் வலியை "காஸ்ட்ரிக்" என்று மூடிவிடாதீர்கள்

கல்லடியில் இருக்கும் என் பெரியம்மா ஒரு விடியற்காலையில் தாடையைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார். குமட்டல், முதுகில் இறுக்கம், சட்டை நனையும் குளிர் வியர்வை. இஞ்சித் தேநீர் கொடுத்தோம். பிறகு அழைத்துப்போன இடத்திலும் காஸ்ட்ரிக் குளிசை தந்து அனுப்பினார்கள். மாலையில் வேறோர் இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்த பின்புதான் மாரடைப்பு என்று தெரிந்தது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது மட்டுமே மாரடைப்பு என்று நினைத்தது எங்கள் தவறு. பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முதன்மை அறிகுறி. ஆனால் குமட்டல், மூச்சுத்திணறல், கடும் களைப்பு, தாடை அல்லது முதுகு வலி ஆகியவை ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் சேர்ந்து வருகின்றன. நீரிழிவு இருந்தால் நெஞ்சுவலியே இல்லாமலும் போகலாம். தாமதிக்காமல், இலங்கையில் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள், ஈ.சி.ஜி. வேண்டும் என்று கேளுங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி நின்றுவிடாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும், இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

வலியில் இருக்கும் பெண்ணுக்காக நீங்கள் பேசாதீர்கள். "இவர் எப்போதும் இப்படித்தான், யோசனை கூட" என்று அன்று வைத்தியரிடம் சொன்னது நான். அந்த ஒரு வார்த்தை என்னை இன்றும் உறுத்துகிறது. மாதவிடாயில் பாடசாலைக்கே போக முடியாமல் சுருண்டு படுக்கும் பிள்ளையிடம் "கலியாணம் முடித்தால் சரியாகும்" என்பதும் இதே வகைதான். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்றொரு நோய் இருக்கிறது. அது பேசிப் போக்கும் வலி அல்ல.

கணவரின் தூக்க மாத்திரையை மனைவிக்குக் கொடுக்காதீர்கள். கருத்தரிக்கக்கூடிய பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கும்படி 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் வழிகாட்டியது; 1993 வரை அது நீடித்தது. சொல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து ஆண்களைவிட மெதுவாகவே வெளியேறுகிறது. பெண்களுக்கான ஆரம்ப அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆக அதே நிறுவனம் குறைத்தது 2013இல்தான். அதுவரை விழுங்கியவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்?

ஆய்வுக்கு ஆட்கள் தேடி வாழைச்சேனையிலோ அக்கரைப்பற்றிலோ வீடு தேடி வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாசலில் நிற்கும் ஆண் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது. பங்கேற்பவரின் சொந்தச் சம்மதத்தை, மருத்துவ ஆய்வுக்கான அறநெறிகளைச் சொல்லும் 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனமே வலியுறுத்துகிறது. பெண்ணைத் தனியே அமரவைத்து, அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். மறுத்தாலும் கிளினிக்கில் சிகிச்சை குறையாது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பிறகு பேனாவை அவர் கையில் கொடுங்கள்.